லுத்தரன் பெண்கள் பயிலரங்கு: உள்ளே என்ன நடக்குது? ஆரணி பக்கமிருந்து போறவங்க என்ன கேட்கணும்?

தமிழ்நாட்டில் உள்ள லுத்தரன் திருச்சபைகள் பெண்களுக்காக அவ்வப்போது பயிலரங்கு நடத்துகின்றன. சில ஒரு நாளில் முடியும், சில இரண்டு மூன்று நாள் தங்கிப் படிப்பவை. விசுவாசம், ஆன்மிகப் பயிற்சி, சமூக வாழ்க்கை ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் தலைப்பு.

'ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறோமே, தனியா இது எதுக்கு?' என்று வீட்டில் கேட்பவர்கள் உண்டு. பட்டுத் தறி ஓடும் ஆரணி மாதிரி ஊரில் ஒரு நாள் வெளியே போனால், அன்றைய வேலை நின்றுவிடும். அதனால் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லுத்தரன் சபைன்னா எது?

1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தில் இருந்து வந்த சபைகள் இவை. தமிழகத்துக்கு இது 1706-லேயே வந்துவிட்டது. தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1707-லேயே அங்கு பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது.

இன்று தமிழ்நாட்டில் மூன்று பெரிய லுத்தரன் சபைகள் உள்ளன. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஆம்பூர், கிருஷ்ணகிரி பக்கமும் நாகர்கோவில் பக்கமும் வேரூன்றியது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

ஆரணிக்கு எது பக்கம்?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். 'ஆற்காடு மிஷன்' என்ற பெயரில் இரண்டு இருந்தன. ஆரணியில் வேலை செய்தது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது அது. அந்த வழியில் வந்த சபைகள் இன்று சி.எஸ்.ஐ. வேலூர் பேராயத்தில் இருக்கின்றன. அவை லுத்தரன் அல்ல.

ஆற்காடு லுத்தரன் சபை டென்மார்க் மிஷனில் இருந்து வந்தது. ஆரணியில் இருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள திருவண்ணாமலை, அதன் முக்கிய ஊர்களில் ஒன்று. அங்குள்ள டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆகவே ஆரணி பக்கத்துப் பெண் ஒருவர் லுத்தரன் பயிலரங்குக்குப் போகிறார் என்றால், அநேகமாகத் திருவண்ணாமலைக்கோ ஆம்பூருக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும்.

விசுவாசம்: என்ன சொல்லித் தர்றாங்க?

காலை நேரம் பெரும்பாலும் வேதபாடம். ஞாயிறு பிரசங்கத்தில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பயிலரங்கில் ஐந்தாறு பேராகக் குழு பிரித்து, ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, 'இதுல உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்பார்கள். கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாத பெண்ணுக்கு இதுவே பெரிய மாற்றம்.

இதற்குப் பின்னால் லுத்தரின் ஒரு முக்கியக் கொள்கை இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் கடவுள் முன் ஆசாரியர்களே, குருமாருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை என்றார் அவர். அப்படியானால் வேதத்தை வாசித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு பெண்களுக்கும் உண்டு.

நெசவு ஊருக்குப் பொருத்தமான கதைகளும் வேதத்தில் இருக்கின்றன. அப்போஸ்தலர் 16-ல் வரும் லீதியாள், இரத்தாம்பரத் துணி விற்ற வியாபாரி. தன் வீட்டையே சபை கூடும் இடமாக்கியவர். அப்போஸ்தலர் 9-ல் வரும் தொற்காள், விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். துணி வேலையும் விசுவாசமும் வேறு வேறு இல்லை என்பதைப் பேச இந்த இரண்டு பேரும் போதும்.

ஆன்மிகப் பயிற்சி: தறி வீட்டில் நேரம் எங்கே?

குடும்ப ஜெபம், மௌன தியானம், ஒரே வேதப் பகுதியை மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது, கீர்த்தனை பாடுவது, லெந்து காலத் தியானம். இவையெல்லாம் பயிற்சியாகச் சொல்லித் தரப்படும்.

லுத்தரன் வீடுகளில் பழக்கமான புத்தகம் 1529-ல் வந்த சிறிய ஞானோபதேசம். குரு மடத்துக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்காகவும்தான். 'அன்றன்றுள்ள அப்பம்' என்ற வேண்டுதலுக்கு அதில் லுத்தர் தரும் விளக்கம் கவனிக்க வேண்டியது. சாப்பாடு மட்டும் அப்பம் இல்லை. உடை, வீடு, பணம், உடல் நலம், நல்ல அரசு, சமாதானம், நல்ல அக்கம்பக்கம் எல்லாமே அதில் சேரும் என்கிறார்.

இதை ஆரணி வீட்டுக்குப் பொருத்திப் பாருங்க. முதலாளியிடம் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி நெய்து கொடுக்கிற வீட்டில், கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கணவர் தறியில் உட்கார்ந்தால், தார் சுற்றிக் கொடுப்பது, பாவு வேலைக்கு உதவுவது, நடுவில் சமையல், பிள்ளைகள் எல்லாம் மனைவி தலையில். அந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. 'அப்பம்' பற்றிய பாடம் நன்றாக நடந்தால், பேச்சு இந்தக் கூலிக் கணக்குக்கு வந்தே தீரும். தினமும் அதிகாலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஏற்கெனவே தூக்கமில்லாத பெண்ணுக்கு அது இன்னொரு சுமை.

சமூக வாழ்க்கை: சட்டமும் பாடமா?

ஆமாம், நல்ல பயிலரங்குகளில் மதியத்துக்கு மேல் நடப்பது இதுதான். பெண்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள்:

• சொத்து: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. வேதத்தில் எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் சபை முன் நின்று சொத்தில் பங்கு கேட்டு வாங்கிய கதை இதோடு சேர்த்துப் பேசத் தகுந்தது.

• வீட்டில் அடி, உதை, மிரட்டல்: 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்திலும் புகார் தரலாம்.

• வேலை இடத்தில் பாலியல் தொல்லை: 2013-ம் ஆண்டு சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார் குழு இருக்க வேண்டும். சபை நடத்தும் பள்ளி, மருத்துவமனைக்கும் இது பொருந்தும். குழு இல்லாத சின்ன இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

• சாதி: ஆற்காடு லுத்தரன் சபையின் தொடக்கமே இந்தக் கேள்வியோடு சேர்ந்தது. சபைக்குள் சாதியை அனுமதிப்பதை எதிர்த்து லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறிய கார்ல் ஆக்ஸ், 1860-களில் பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணிதான் பிறகு டேனிஷ் மிஷனாக வளர்ந்தது. 'யார் வீட்ல யார் சாப்பிடுவாங்க?' என்பதைப் பெண்கள் கூடும் இடத்தில் பேசினால்தான் அது சமையலறை வரை போகும்.

பெண்களுக்குத் தலைமை இடம் உண்டா?

தாளில் உண்டு. தமிழ்நாட்டின் மூன்று பெரிய சபைகளும் உறுப்பினராக உள்ள லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, 1984-ல் புடாபெஸ்ட் பேரவையில் ஒரு முடிவு எடுத்தது: பிரதிநிதிகளில் 40 சதவீதம் பெண்களாகவும் 20 சதவீதம் இளைஞர்களாகவும் இருக்க வேண்டும். 2013-ல் பாலின நீதிக் கொள்கை ஒன்றையும் ஏற்றது. ஆற்காடு லுத்தரன் சபையின் தாய் நாடான டென்மார்க்கில் 1948-லேயே பெண்கள் குருவாக அபிஷேகம் பெற்றார்கள்.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. டேனிஷ் மிஷன் ஊழியராக வந்த ஆன் மேரி பீட்டர்சன், பிறகு அதை விட்டு விலகி, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காக சேவா மந்திர் பள்ளியைத் தொடங்கினார். 1921-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி.

ஆனால் உலக அளவில் எடுத்த முடிவு உள்ளூர் சபைக் கமிட்டி வரை வந்ததா என்பதுதான் கேள்வி. பயிலரங்குக்கு நூறு பெண்கள் வந்து, சபைக் கணக்கைப் பார்க்கும் கமிட்டியில் ஒரே ஒரு பெண் இருந்தால், பாடம் அரங்கத்தோடு நின்றுவிட்டது என்றே அர்த்தம்.

போறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

உங்க சபையில் அறிவிப்பு வந்தால், பெயர் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்க:

• எந்த நாள்? தீபாவளி, முகூர்த்த மாதங்களுக்கு முன் தறி வேலை நெருக்கடியாக இருக்கும் நேரமா?
• பஸ் செலவு, சாப்பாடு யார் பொறுப்பு? குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா?
• பாடம் நடத்துபவர்களில் பெண்கள் எத்தனை பேர்? சட்டம் தெரிந்தவர் ஒருவராவது வருகிறாரா?
• வீட்டுப் பிரச்னையைத் தனியாகப் பேச வசதி உண்டா? சொன்னது வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி?
• வேறு சபைப் பெண்கள் வரலாமா? ஆரணி சி.எஸ்.ஐ. பெண்களுக்கு இது முக்கியம். மார்ச் முதல் வெள்ளியன்று உலக ஜெப நாளை எல்லா சபைப் பெண்களும் சேர்ந்து நடத்தும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.
• முடிந்த பிறகு என்ன? மாதம் ஒரு முறையாவது கூடிப் பேச ஏற்பாடு உண்டா?

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால், ஒரு நாள் கூலியை விட்டுப் போவதில் அர்த்தம் இருக்கு. கிடைக்கலைன்னா, அதைச் சபைக் கூட்டத்திலேயே எழுந்து கேட்கலாம். அப்படிக் கேட்கிற தைரியத்தைக் கொடுப்பதுதானே இந்தப் பயிலரங்குகளின் வேலை.