ஆய்வு உதவித்தொகை: யாருக்கான தேர்வு, எந்த மொழியில்?

அறிவியல் ஆய்வில் ஈடுபடக்கூடிய மாணவர்களைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டறிந்து, முனைவர் பட்டம் வரை அரசு உதவித்தொகை வழங்கும் முறை இந்தியாவில் 1963ஆம் ஆண்டு தொடங்கியது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) அவ்வாண்டு டெல்லியில் மட்டும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு நடத்தி 10 பேருக்கு உதவித்தொகை வழங்கியது. அடுத்த ஆண்டே அத்திட்டம் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டு, 350 பேருக்கானதாக உயர்ந்தது. அதன் பெயர் தேசிய அறிவியல் திறனறித் திட்டம்.

அன்றைய தேர்வு நான்கு பகுதிகளைக் கொண்டது: அறிவியல் நாட்டத் தேர்வு, அறிவியல் பொருள் குறித்த கட்டுரை, மாணவரே செய்து முடித்த ஆய்வுத் திட்டத்தின் அறிக்கை, இறுதியாக நேர்காணல். இவை அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெற்றன. திறமையைக் கண்டறிவதற்கு வகுக்கப்பட்ட இந்த நான்கு படிகளும், சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்குச் சென்ற ஒரு மாணவரிடம் எவற்றைக் கோரின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வு அறிக்கைக்கு ஆய்வகமும் வழிகாட்டும் ஆசிரியரும் தேவை. கட்டுரைக்கு ஆங்கில நடை தேவை. நேர்காணலுக்கோ, அதிகாரம் படைத்தவர்கள் முன் அமர்ந்து தயக்கமின்றிப் பேசும் பழக்கம் தேவை. இம்மூன்றையும் குடும்பமும் நகரப் பள்ளியும் ஏற்கெனவே கொடுத்திருந்தவர்களுக்கு அத்தேர்வு இயல்பாகவே பொருந்தியது.

1976ஆம் ஆண்டு இந்நிலை மாறியது. 10+2+3 கல்வி முறை நடைமுறைக்கு வந்ததையொட்டித் திட்டம் திருத்தப்பட்டது. சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகியவையும் சேர்க்கப்பட்டு, உதவித்தொகைகளின் எண்ணிக்கை 500 ஆயிற்று. அதைவிட முக்கியமான மாற்றம் வேறொன்று: அரசமைப்புச் சட்டம் ஏற்றுக்கொண்ட இந்திய மொழிகளிலும் தேர்வு எழுதலாம் என்றானது. அதன் பின்னரே இடஒதுக்கீடு வந்தது. 1981இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கென 50 உதவித்தொகைகள் தனியே வழங்கப்பட்டன. 1983இல் மொத்தம் 750 ஆனபோது அவர்களுக்கான பங்கு 70 ஆனது. 2000ஆம் ஆண்டில் மொத்தம் 1000 ஆக உயர்ந்தபோதுதான் 15 விழுக்காடு, 7.5 விழுக்காடு என்ற தேசிய அளவுகோல் முழுமையாகப் பின்பற்றப்பட்டது. அதாவது, தொடங்கியதிலிருந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

மொழியும் இடஒதுக்கீடும் இணைந்தால்தான் கதவு திறக்கும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். ஆனால் 1999ஆம் ஆண்டு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கிய கிஷோர் வைஞானிக் புரோத்சாகன் யோஜனா (கே.வி.பி.ஒய்.) அப்பாடத்தின் பாதியை மறந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நடத்திய இத்தேர்வைப் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளம் அறிவியல் முதலாண்டு மாணவர்கள் எழுதினர். தேர்வானவர்களுக்கு இளநிலைப் படிப்பில் மாதம் 5000 ரூபாயும், முதுநிலைப் படிப்பில் மாதம் 7000 ரூபாயும், இவற்றுடன் ஆண்டுதோறும் ஒரு தொகையும் வழங்கப்பட்டன. பணத்தைவிடப் பெரிய பயன் ஒன்றும் இருந்தது. இந்திய அறிவியல் கழகம் 2011இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பிலும், ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களிலும் சேர்வதற்கு இத்தேர்வு ஒரு நேர்வழியாக அமைந்தது.

இத்திட்டத்தில் சலுகைகள் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தகுதி மதிப்பெண் குறைக்கப்பட்டது. தேர்வுக் கட்டணம் பாதியாக்கப்பட்டது. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தமிழ், தெலுங்கு, மராத்தி, வங்காளம், ஒடியா வழியில் இயற்பியல் படித்த மாணவருக்கு அந்தச் சலுகைகளால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. பத்தாம் வகுப்பு வரை 'முடுக்கம்', 'நிலைமம்', 'இணைதிறன்' என்று படித்தவர், அக்கருத்துகளை நன்கு அறிந்திருந்தும் வினா எதைக் கேட்கிறது என்பதிலேயே நேரத்தை இழப்பார். இங்கே சோதிக்கப்படுவது அறிவியல் அறிவன்று. இத்தகைய ஏற்பாட்டில், ஒதுக்கப்படும் இடங்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருள் ஆங்கில வழிப் பள்ளியை எட்டிவிட்ட சிறு பகுதியினருக்கே சென்று சேரும். நிலமற்ற கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் பயில்வது தாய்மொழி வழி அரசுப் பள்ளிகளில் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மொழி குறித்துப் பேசினால், 'உயர் ஆய்வின் மொழி ஆங்கிலம்தானே' என்ற மறுமொழி உடனே வரும். உண்மைதான். ஆயினும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ள ஐந்தாண்டு காலப் படிப்பு முன்னே இருக்கிறது. பதினாறு வயதில் வாயிலிலேயே அதைக் கேட்பதற்கும், உள்ளே அனுமதித்தபின் கற்றுக்கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. மேலும், அதே வாயிலில் இந்திக்கு மட்டும் இடம் கொடுத்தவர்கள் இந்த வாதத்தை முன்வைக்க முடியாது.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்குப் பல ஆண்டுகள் நேர்காணலும் இருந்தது. இறுதி மதிப்பெண்ணில் அதன் பங்கு 25 விழுக்காடு. உயர்கல்வி நிறுவனங்களின் வாய்மொழித் தேர்வுகளில் சாதி எவ்வாறு நுழைகிறது என்பதை எய்ம்ஸ் குறித்த தோரட் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. அது மருத்துவக் கல்லூரி பற்றிய அறிக்கை என்றாலும், நேர்காணலை நடுநிலையான அளவுகோலாகக் கருதுவோர் படிக்க வேண்டிய ஒன்று.

2021இல் மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன், கே.வி.பி.ஒய். தேர்வை அனைத்து மாநில மொழிகளிலும் நடத்தக் கோரிச் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு நவம்பர் 7 அன்று நடக்கவிருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டது; பின்னர் கொரோனா பரவலாலும் தள்ளிப்போய், 2022 மே மாதத்தில் நடந்தது. அதே ஆண்டில் கே.வி.பி.ஒய். திட்டமே இன்ஸ்பயர் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, தனித் தேர்வு முடிவுக்கு வந்தது. மொழிக்கான கதவைத் தட்டியபோது, கதவு இருந்த சுவரையே எடுத்துவிட்டார்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் திறனறித் தேர்வுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். 2021 மார்ச் 31 வரை மட்டுமே அத்திட்டத்திற்கு ஒப்புதல் இருந்தது என்றும், தற்போதைய வடிவில் தொடர ஒப்புதல் கிடைக்கவில்லை என்றும் அறிவிக்கப்பட்டு, அது நிறுத்தி வைக்கப்பட்டது. பதின்மூன்று மொழிகளில் நீட் நடத்த முடிகிற நாட்டில், இந்திய மொழிகளுக்கு நெடுங்காலம் இடமளித்த ஒரே தேசிய அறிவியல் உதவித்தொகைத் தேர்வு இவ்வாறு நின்றுபோனது.

எஞ்சியிருப்பது இன்ஸ்பயர். இதன் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 நேரடி உதவி, 20,000 கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கானது. ஒவ்வொரு கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் முதல் ஒரு விழுக்காட்டிற்குள் வருபவர்கள், அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். தமிழ் வழியில் பொதுத்தேர்வு எழுதியவருக்கும் இதில் தடையில்லை என்பது நல்ல கூறு. ஆனால் அந்த ஒரு விழுக்காட்டிற்குள் கட்டணப் பள்ளிகளின் பிள்ளைகளோடு ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஜே.இ.இ., நீட் தரவரிசையில் முன்னிற்பவர்களுக்கும் இங்கு இடமுண்டு. அவ்வழி பயிற்சி மையங்களின் வழி. தவிர, கல்லூரியில் சேர்ந்த பின்னரே விண்ணப்பிக்க முடியும் என்பதால், சேர்வதற்கான பணத்தை வீட்டார் முதலில் கடன் வாங்கித்தான் திரட்ட வேண்டும்.

உதவித்தொகை எந்த நேரத்தில் வருகிறது, யார் விருப்பத்தில் நிற்கிறது என்பது சிறிய செய்தியன்று. மேகநாத் சாகாவின் பள்ளி வாழ்க்கை இதற்குச் சான்று. டாக்கா அருகே சியோராதலி என்னும் சிற்றூரில், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறு கடைக்காரரின் மகனாக 1893இல் பிறந்தவர் அவர். நடுநிலைப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றதால் கிடைத்த மாதம் 4 ரூபாய், சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் தந்த 5 ரூபாய், ஒரு சமூகச் சங்கம் தந்த 2 ரூபாய் ஆகியவற்றைக் கொண்டே டாக்காவில் படித்தார். 1905இல் ஆளுநரின் வருகையை எதிர்த்த மாணவர்களோடு நின்றதற்காக அந்த 4 ரூபாயும் பள்ளி இடமும் பறிக்கப்பட்டன. அது அரசியல் தண்டனை. சாதித் தண்டனை பின்னர் கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் காத்திருந்தது. அங்கு மற்றவர்களோடு அமர்ந்து உண்ண அவரை அனுமதிக்கவில்லை. 1920இல் விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை உலகிற்கு அளித்தவர் அவர்தான். நூற்றுப் பத்தாண்டுகளுக்குப் பின், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வராமலே நின்றது. அவரும் அறிவியல் எழுத்தாளராகக் கனவு கண்டவர்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2023இல் தொடங்கப்பட்ட முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 500 மாணவர், 500 மாணவியர் என 1000 பேரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்குகிறது. இத்தேர்வுக்கான வினாக்கள் 9, 10ஆம் வகுப்பு மாநிலப் பாடநூல்களிலிருந்து கேட்கப்படுகின்றன. தொகை சிறிது, ஆய்வு நிறுவனம் எதனோடும் இதற்கு இணைப்பு இல்லை. எனினும், மாணவர் தாம் படித்த மொழியில், தாம் படித்த நூலிலிருந்தே சோதிக்கப்படுகிறார். இந்தத் தேர்வில் தேறியவர்களை இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் வரை அழைத்துச் செல்லும் வழி இன்னும் அமைக்கப்படவில்லை. தேசியத் தேர்வுகள் மீண்டும் எந்தப் பெயரில் வந்தாலும், விண்ணப்பித்தோர், தேறியோர் பட்டியலைச் சாதிப் பிரிவு வாரியாக மட்டுமன்றிப் பயிற்று மொழி வாரியாகவும் வெளியிடுமாறு கோர வேண்டியது மாணவர் அமைப்புகளின் உடனடிப் பணி.