மேடில்லாத இடத்தில் ஏன் தோண்டினார்கள்?

கஹோக்கியாவின் அகழாய்வு வரைபடத்தில் என்னை உறுத்தியது ஒரு வெற்று நிலம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே மிசிசிப்பி ஆற்றின் கிழக்குச் சமவெளியில் இருக்கிறது இந்தப் பழைய ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பல்லாயிரம் பேர் வாழ்ந்த இடம். அவர்கள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய மேடுகளில் மிகப் பெரியது 'மாங்க்ஸ் மவுண்ட்'. ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். வந்த தொல்லியலாளர்களின் கண் பெரும்பாலும் மேடுகள் மேலேயே இருந்தது. ஆனால் கஹோக்கியாவின் பெயரை உலகறியச் செய்தவற்றுள் ஒன்றான மரத்தூண் வட்டங்கள் கிடைத்ததோ, பெரிய மேட்டுக்கு மேற்கே ஏறக்குறைய 850 மீட்டர் தள்ளி, தட்டையான நிலத்தில். ஆவணங்களில் அதன் பெயர் '15-ஏ நிலத்துண்டு'. மேலே ஒன்றும் தெரியாத அந்த மண்ணில் 1961இல் ஏன் தோண்டினார்கள்?

அந்த வட்டங்களைப் பற்றிய முதல் அச்சுச் செய்தியைத் தேடினேன். இல்லினாயில் கிடைத்ததை இல்லினாய் வெளியீட்டில்தானே தேடுவோம்? அது வந்திருந்ததோ மிச்சிகன் மாநிலத்தில், கிரான்புரூக் அறிவியல் நிறுவனத்தின் சிறிய செய்தி மடலில், 1964ஆம் ஆண்டு. எழுதியவர் அகழாய்வை நடத்திய வாரன் விட்ரி. இங்கிலாந்தின் பழைய மரத்தூண் வட்டமான வுட்ஹெஞ்சை நினைவூட்டும் தலைப்பு: 'ஓர் அமெரிக்க வுட்ஹெஞ்ச்'.

விட்ரிக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வீட்டுத் தடங்கள். அவற்றுக்கிடையே சில குழிகள் மட்டும் எதிலும் சேரவில்லை. இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு பக்கம் சரிந்து இறங்கும் தளம். கனத்த மரத்தைச் சரிவில் இறக்கி நிமிர்த்தத்தான் அந்த வடிவம். ஆனால் குழிக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு குழிதான் தெரியும். அகழாய்வு வரைபடங்களை விரித்து, குழிகளைக் குறித்துப் பார்த்தபோதுதான் அவை சம இடைவெளியில் வளைந்து போவது புலப்பட்டது. அவை முழு வட்டங்களின் பகுதிகள் என்றும், தூண்களை வைத்துச் சூரியன் உதிக்கும் திசையைக் கணித்தார்கள் என்றும் அவர் கருதினார். அப்படியானால் அடுத்த குழி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட முடியும். 1963இல் ராபர்ட் ஹால் அந்தக் கணிப்பின்படி தோண்டினார். குழிகள் இருந்தன. ஊகம் ஒன்று இத்தனை சுத்தமாகச் சோதனையில் தேறுவது தொல்லியலில் அரிது. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இருந்தும் என் கேள்வி அப்படியே நின்றது. பதிவுகளின்படி, அந்த நிலத்தின் வழியே நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்று வருவதாக இருந்தது. சாலை வரும் முன் உள்ளதை மீட்டெடுக்கும் வேலை அது. சரி, செலவு யாருடையது?

விடை தொல்லியல் நூல்களில் இல்லை. 1956 ஜூன் 29 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருந்தது. 41,000 மைல் சாலைக்கான சட்டம் அது. நிதி ஒதுக்கீடுகளுக்கு நடுவே 120ஆம் பிரிவு: மாநில நெடுஞ்சாலைத் துறை தேவையென ஒப்புக்கொள்ளும் அளவுக்கு, சாலைப் பணத்தைத் தொல்பொருள்களையும் தொல்லுயிர் எச்சங்களையும் மீட்கச் செலவிடலாம். 1906இன் தொல்பொருள் சட்டத்தை அது துணைக்கு அழைக்கிறது. இதற்கு முன்னோடி நியூ மெக்சிகோ. அங்கே 1954லேயே ஃபிரெட் வெண்டார்ஃப் போன்றவர்கள் நெடுஞ்சாலைத் துறையோடு சேர்ந்து மீட்பு அகழாய்வைத் தொடங்கியிருந்தார்கள். 'செலவிடலாம்' என்றுதான் சட்டம் சொன்னது, 'செலவிட வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த வாய்ப்பை இல்லினாய் பயன்படுத்திக்கொண்டதை நான் சிறிய செயலாக எண்ணவில்லை.

தொல்லியலாளர் தாமாக இடம் தேர்ந்தால் மேட்டுக்கும் கல்லறைக்கும்தான் போவார். சாலைப் பொறியாளருக்கு மேடும் ஒன்றுதான், வயலும் ஒன்றுதான். அவர் கோடு போட்ட இடத்தில் தோண்டியாக வேண்டும். கஹோக்கியாவின் சாமானியர் வீடுகள் வெளிச்சத்துக்கு வர அந்தக் கோடும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அதே சாலைப் பணி பறித்துக்கொண்டதையும் மறைக்கக் கூடாது. 48 தூண்களும் ஏறக்குறைய 125 மீட்டர் விட்டமும் கொண்ட மூன்றாம் வட்டத்தை 1985இல் பழைய குழிகளின் இடத்திலேயே மீண்டும் எழுப்பினார்கள். இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளில், நடுவிலிருந்து பார்த்தால் மாங்க்ஸ் மவுண்டிலிருந்தே சூரியன் எழுவதுபோல் இருக்கும். ஆனால் மேற்கு ஓரத்தில் வட்டம் அறுந்திருக்கிறது. அங்கே இருந்த குழிகளைச் சாலைக்கு மண் எடுத்த பள்ளம் கொண்டுபோய்விட்டது.

மீட்டதைப் படித்து எழுதி வெளியிடுவது பற்றி 120ஆம் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அதன் விலையை நூலடுக்கில் கண்டேன். 15-ஏ நிலத்துண்டின் விரிவான அறிக்கை, டிமோதி பாக்கெடாட் எழுதியது, 1998இல்தான் வந்தது. முதல் அகழாய்வுக்கும் அதற்கும் இடையே 37 ஆண்டுகள். வெளியிட்டது இல்லினாய் போக்குவரத்துத் தொல்லியல் ஆய்வுத் திட்டம். அத்தனை காலம் களக்குறிப்பும் வரைபடமும் பானை ஓடுகளும் காக்கப்பட்டதால்தான் அதை எழுத முடிந்தது. அவை இருந்த கிடங்கு ஒழுகியிருந்தால் விட்ரியின் வட்டத்துக்கு அந்தச் செய்தி மடலைத் தாண்டிப் பெரிய சாட்சி இருந்திருக்காது.

சூரிய வட்டத்தைத் தேடி அந்த அறிக்கையைப் புரட்டுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீடுகள். தனித்தனிக் கம்பு நட்ட சுவர்கள் 1050 வாக்கில் மாறி, நீளப் பள்ளம் வெட்டி அதில் கம்புகளை வரிசையாக நிறுத்தும் முறை பரவுகிறது. முதலில் அங்கே குடியிருப்பு. பிறகு அதே நிலத்தில் தூண் வட்டங்கள், ஒன்று மாற்றி ஒன்றாக. வட்டங்களின் காலம் முடிந்ததும் ஜனங்கள் திரும்ப அங்கேயே வீடு கட்டியிருக்கிறார்கள்.