மதுரையை விட்டு வந்தவர்கள்

சென்ற சாரல் காலத்தில், தென்காசியில் எங்கள் பூர்வீக வீட்டு முற்றத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பின்கட்டை இடித்து மாடி எடுப்பதா, வீட்டை விற்றுவிட்டுக் குற்றாலம் போகிற சாலையில் மனை வாங்கிப் புதிதாகக் கட்டுவதா என்பது வழக்கு. சித்தப்பா மாடி என்றார். அண்ணன் மனை என்றார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மண்சாந்துச் சுவர் மேல்தளம் தாங்காது என்று சொல்லிப் போனார். அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. பேச்சு முற்றியபோது நான் எழுந்து கோயிலுக்குப் போய்விட்டேன். கோபுர வாசலில் எப்போதும்போல் பொதிகைக் காற்று ஆளைத் தள்ளியது. இதே வழக்கை ஓர் அரசகுலமே இந்த ஊரில் வைத்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைவு அங்கே நின்றபோதுதான் வந்தது.

பாண்டியர் மதுரையை இழந்த கதை நாம் அறிந்ததே. மாறவர்மன் குலசேகரனின் மக்கள் இருவர் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த வேளையில், 1311-இல் மாலிக் காபூரின் படை வந்து போயிற்று. பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே சுல்தான்களின் ஆட்சி. 1371-ஐ ஒட்டிக் குமார கம்பணன் சுல்தான்களை வென்றான். ஆனால் வென்றவர் கைக்கே வீடு போயிற்று. மதுரை விசயநகரத்தின் பிடியில் இருந்து, 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்களுக்கு உரியதாயிற்று. ஒரே காலத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஆள்வது பாண்டியர் வழக்கம். ஆகவே நெல்லைச் சீமையில் அவர்களுக்கு முன்பே வேர் உண்டு. இரவோடு இரவாக மூட்டை கட்டி ஓடி வந்தவர்களாக அவர்களைக் கற்பனை செய்வது பிழை. எனினும் வரலாற்று நூல்கள் 'பிற்காலப் பாண்டியர்' என்று ஓர் அனுதாபத்தோடுதான் அவர்களைக் கடைசி இயலில் முடித்துவைக்கின்றன.

எனக்கு அந்த அனுதாபத்தில் உடன்பாடில்லை. காரணம், அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1422-இல் பட்டம் ஏறியவன். சங்கரநயினார்கோயில், குற்றாலம் முதலிய இடங்களில் சேரரை வென்றதாக அவனது மெய்க்கீர்த்தி பேசுகிறது. அவன் 1446-இல் சிற்றாற்றின் வடகரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். மறு ஆண்டே குடமுழுக்கு நடந்தது; ஆனால் திருப்பணி ஓயவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு அடி போட்டான். தொடக்கம் முதல் கணக்கிட்டால் பதினேழு ஆண்டுப் பணி. இரவல் இடத்தில் தங்கியிருப்பவன் ஒன்பது நிலைக் கோபுரம் கட்டமாட்டான். வாடகை வீட்டில் யாரும் கிணறு வெட்டுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பெயர். இழந்தது மதுரை, ஆனால் புதிய ஊருக்கு வைத்த பெயர் காசி! 'தென்மதுரை' என்ற பெயரைக்கூட அவன் தேடிப் போகவேண்டியதில்லை, அது குலத்தின் கையிலேயே இருந்தது. இறையனார் களவியல் உரை சொல்லும் மரபுப்படி, கடல்கோளால் ஒரு தலைநகரை இழந்து கபாடபுரத்துக்கும், அதையும் இழந்து இன்றைய மதுரைக்கும் வந்தவர்கள் பாண்டியர். வீடு மாறிய நினைவையே குலப்பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள். அப்படியிருந்தும் அவன் மதுரையின் பெயரை எடுக்கவில்லை. நகல் என்று அறிவித்துவிட்டால் மூலத்தின் ஏக்கம் நாள்தோறும் வாசலில் வந்து நிற்கும் என்று அவன் அறிந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஊரில் வழங்கும் கதையில் அந்த ஏக்கத்தின் சுவடே இல்லை. வடக்கே காசிக்குப் புறப்படும் தென்னாட்டு அடியவர்கள் வழியிலேயே இறந்துபோகிறார்கள்; எனவே இங்கேயே எனக்கு ஒரு கோயில் எடு என்று இறைவன் மன்னன் கனவில் வந்து சொன்னார். இடம் எது என்று கேட்டதற்கு, எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போ என்றார். சாரை செண்பக வனத்தில் சிவலிங்கம் இருந்த இடத்தில் முடிந்தது. கல்வெட்டுச் செய்தி இன்னும் வியப்பானது: வடகாசியில் தன் கோயில் பழுதுபட்டுவிட்டது என்பதே கனவில் இறைவன் சொன்ன காரணமாம். அதாவது, பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதா, புது இடத்துக்கு மாறுவதா என்ற வழக்கில் கடவுளே பின்னதன் பக்கம் தீர்ப்பளித்துவிட்டார். வீட்டை இழந்த ஒருவனுக்கு இதைவிட ஆறுதலான கனவு வரமுடியுமா?

எதிர்த் தீர்ப்பு ஐந்து கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. குற்றாலநாதர் கோயில் முன்பு திருமால் கோயிலாக இருந்தது என்றும், அகத்தியர் நின்ற திருமாலைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்றும் தலபுராணம். அது இருந்த இடத்திலேயே செய்த மராமத்து. சைவ வைணவப் பூசலின் சுவடு அந்தக் கதையில் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

பராக்கிரமன் கோபுரம் முடிந்து பார்க்கவில்லை. 1463-இல் அவன் மறைய, தம்பி குலசேகரன் அதை முடித்தான். நூறாண்டுகள் கழித்து இதே தென்காசியில் இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன் 'நைடதம்' பாடினான். 'காசி காண்டம்' பாடினான். நைடதம் சூதில் நாட்டை இழந்து காட்டில் அலைந்த நளனின் கதை. மதுரையைப் பார்த்து ஆளாத ஒரு பாண்டியன் அந்தக் கதையைத் தேர்ந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நளனுக்கு நாடு திரும்பக் கிடைத்தது. இவர்களுக்கு இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு தென்காசிப் பாண்டியர் கல்வெட்டுகளும் நின்றுபோகின்றன. கோபுரம் மட்டும் நின்றது.

அதுவும் நெடுங்காலம் முழுதாக நிற்கவில்லை. 1924-இல் தீக்கு இரையாகி, பிளந்த மொட்டைக் கோபுரமாக அறுபத்தாறு ஆண்டுகள் இருந்தது. அடித்தளத்தின் கல்வேலை பழையதாகவே இருக்க, மேல் நிலைகள் மீண்டும் எழும்பி 1990-இல் குடமுழுக்கு நடந்தது. இன்று அது ஏறத்தாழ 180 அடி உயரம்.

பராக்கிரமன் இதை எதிர்பார்த்திருந்தான் என்பதற்குக் கோயிலிலேயே சான்று உண்டு. இக்கோயிலுக்கு என்றேனும் ஒரு குறை நேர்ந்தால், அப்போது வந்து அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும், உலகறிய அவரை நான் பணிகிறேன் என்ற பொருளில் ஒரு பாடலைக் கல்லில் வெட்டுவித்திருக்கிறான். மெய்க்கீர்த்திகளில் பகைவர் முடிகளை மிதித்தே பழகிய குலம் அது. அந்தக் குலத்தவன் ஒருவன், இன்னும் பிறவாத யாரோ ஒரு கொத்தனாருக்கும் சேர்த்து முன்கூட்டியே வணக்கம் சொல்லிவைக்கிறான். தலைநகரை இழந்த குலத்தில் பிறந்தவனுக்குத்தான், எந்தக் கட்டடமும் கட்டியவன் கையிலேயே கடைசிவரை இராது என்பது தெரிந்திருக்கும். இந்தக் கல்வெட்டுக்காகவே அவனைப் பிற்காலத்தவன் என்று ஓரங்கட்ட எனக்கு மனம் வருவதில்லை.

நான் வீடு திரும்பியபோது பஞ்சாயத்து ஓய்ந்திருந்தது. தோசை வார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "நான் வாக்கப்பட்டு வந்தப்ப அது மொட்டைக் கோவுரம்லா. சுடுமூஞ்சி மாதிரி நிக்கும். அதையே எடுத்துக் கட்டிட்டாவோ. இந்தப் பின்கட்டுக்கு ஒரு வழி இல்லாமலா போயிரும்?"

சித்தப்பா வென்றதாக நினைத்துச் சிரித்தார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "மாடி வேண்டாம். எனக்கு முட்டு வலி. ஏறமாட்டேன்" என்றாள்.

பின்கட்டுச் சுவரை இறக்கிவிட்டு, தரைத்தளத்திலேயே ஓர் அறையும் குளியலறையும் எடுப்பதாக முடிவாயிற்று. அண்ணன் இன்னும் மனைத் தரகரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.