கல்யாணமா, உத்தியோகமா?

பெண்கள் வேலைக்குப் போவது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ணுகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அவர்களை ஒன்று கேட்க வேண்டும். நாற்று நட்டது யார்? களை பறித்தது யார்? பீடி சுற்றியதும், உப்பளத்தில் உப்பு வாரியதும், சித்தாளாகச் செங்கல் சுமந்ததும் யார்? நம் நாட்டில் பெண்கள் வேலை செய்யாத காலம் என்று ஒன்று கிடையாது. மாதச் சம்பளம் வாங்கும் "உத்தியோகம்" என்கிறோமே, அதற்குள் அவர்கள் நுழைந்த கதைதான் புதிது. அந்தக் கதையில் படிப்பைவிடக் கல்யாணத்துக்குத்தான் பெரிய பங்கு என்பது என் எண்ணம். இன்றைய மாணவியருக்காகவே இதை எழுதுகிறேன். பழைய மாணவர்களும் படிக்கலாம், தப்பில்லை!

கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்து தொடங்குவோம். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா 1940களில் அங்கே மின் பொறியியல் படித்துத் தேறினார். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த "அவன்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அச்சடிக்கும்போது ஒரு பெண் வந்து வாங்குவாள் என்று யாரும் நினைக்கவில்லை! லலிதா பதினெட்டு வயதிலேயே கணவரை இழந்தவர், கைக்குழந்தைக்குத் தாய். "கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடுவீங்களா?" என்று அவரைக் கேட்க யாருக்கும் வழியில்லாமல் போனது.

மற்றவர்களைக் கேட்டார்கள். அதுவும் சர்க்கார் முத்திரையோடு எழுத்திலேயே கேட்டார்கள். 1951-இல் ஐ.ஏ.எஸ். தேர்வு பெற்ற முதல் பெண் அன்னா ராஜம். நேர்முகத் தேர்வுக் குழுவினர், "பெண்ணுக்கு வெளிநாட்டுப் பணி, மத்தியப் பணி போன்றவைதான் பொருந்தும்" என்ற ரீதியில் பேசிப் பார்த்தனர். அவர் அசையவில்லை, சென்னை மாகாணத்தையே கேட்டு வாங்கினார். நியமன உத்தரவில், திருமணம் செய்துகொண்டால் பணி நீக்கம் செய்யப்படுவீர் என்று ஒரு வரி இருந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கே ஒரு பெண்ணைச் சப் கலெக்டராகப் போடத் தயக்கமாம். ஆயினும் ஓசூருக்குச் சப் கலெக்டராகப் போனார்.

அவருக்கு முன்பே, 1949-இல், வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தவர் குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா. சென்னையில் படித்தவர். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1961-ஆம் ஆண்டு விதிகள் கொஞ்சம் நாசூக்காக இருந்தன: பெண் அதிகாரி மணம் புரியுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம், மணமான பெண் இப்பணியை உரிமையாகக் கோர முடியாது. தூதர் பதவிவரை உயர்ந்த பிறகும் தமக்கு மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும், முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்கே போய்விட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்! அதனால் 1979-இல் மனு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சும்மா விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணுக்கு மட்டும் கெடுக்காதா என்று கேட்டு, எல்லாப் பணி விதிகளையும் அலசிப் பார்த்துப் பாகுபாட்டை நீக்கும்படி அரசுக்குச் சொன்னார்.

பெரிய அதிகாரிகள் கதை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை பேக்கிங் செய்த பெண்களுக்கும் இதே விதி இருந்தது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டு, 1965-இல் அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விமானப் பணிப்பெண்கள் வழக்கில் 1981-இல் கிடைத்தது பாதி வெற்றிதான். முதல் கர்ப்பத்தோடு வீட்டுக்கு அனுப்பும் விதி போயிற்று. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்பது செல்லும் என்றார்கள். இரவில் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை நம் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல்தான் ரத்து செய்தது. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டுதான். ஆனால் வருமானத்தையும் சேர்த்தே பூட்டியது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவிலும் மணமான ஆசிரியைகளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதை ஆராய்ந்தவர் 2023-இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின். நாடு வளர வளரப் பெண்களின் உழைப்புப் பங்கு முதலில் இறங்கிப் பிறகு ஏறும் என்று அவர் காட்டினார். வயலையும் வீட்டுத் தொழிலையும் விட்டுத் தொழிற்சாலைக்கு வேலை மாறும்போது பெண் வெளியே நிற்கிறாள். படித்து ஆபீஸ் வேலை வரும்போது மீண்டும் உள்ளே வருகிறாள். நம் நாட்டிலோ இறக்கம் நீண்டுவிட்டது. மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி 2017-18-இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23 சதவீதத்தினர்தான் உழைப்பாளர் வரிசையில் இருந்தனர். 2023-24-இல் அது 41 சதவீதத்தைத் தாண்டியது. சந்தோஷம்தான். ஆனால் ஏறியதில் பெரும்பகுதி கிராமத்தில் சொந்த வயல், சொந்தக் கடை, சம்பளமில்லாத குடும்ப வேலை!

தமிழ்நாட்டுக்குச் சற்றுப் பெருமைப்பட இடமுண்டு. 1989-இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அதை 40 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2021-இல் வந்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் நம் மாநிலத்தில்தான். ஆனாலும் நம் சங்கத்தின் முகவரிப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். எங்கள் காலத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட மாணவிகளில் எத்தனை பேருடைய "பணி" என்ற இடம் காலியாக இருக்கிறது! இன்ஷியல் மாறிப்போனதால் கண்டே பிடிக்க முடியாதவர்கள் வேறு.

2024-இல் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செல்போன் தொழிற்சாலையில் மணமான பெண்களை எடுப்பதில்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. கம்பெனி மறுத்தது. 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்றுதான் அச்சட்டம் சொல்லியது; மணமானவள், ஆகாதவள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. முத்தம்மா காலத்தில் விதி காகிதத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய் நீதிபதி முன்னால் வைக்க முடிந்தது. இன்று நேர்முகத் தேர்வில், "எப்போம்மா கல்யாணம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அது எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை.