முயல் குடலில் கிடைத்த சாவி

"பேதியில போவான்!" கோபம் வந்தால் நம் பாட்டிமார் வாயில் முதலில் வரும் திட்டு இது. சோழமண்டலக் கடற்கரை ஊர்கள் பல தலைமுறையாகச் சுமந்த பயம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. காலையில் வயலுக்குப் போன ஆள் மாலையில் பாடையில் போனதைப் பார்த்தவர்களின் வாயிலிருந்து பிறந்த சொல்.

அந்தப் பயத்துக்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. 1774 முதல் 1781 வரை கிழக்கு நாடுகளில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா, புதுச்சேரியை நன்கு அறிந்தவர். 1782இல் பாரிஸில் வெளிவந்த தன் பயண நூலில், இந்தக் கரையை வாரிக்கொண்டு போன ஒரு பேதி நோயைப் பற்றி எழுதினார். இறந்தவர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல் என்பது அவர் தரும் கணக்கு. கல்கத்தா பக்கத்திலிருந்து 1817இல் கிளம்பிப் பல நாடுகளுக்குப் பரவிய பெரும் காலராவுக்குப் பல ஆண்டுகள் முந்தைய செய்தி இது.

1823இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். ஆனால் அன்றைக்கு பாரிஸ் மருத்துவருக்கும் காலரா என்னவென்று தெரியாது. 1883இல் எகிப்தில் நோய் பரவியபோது லூயி பாஸ்டர் தன் சீடர்களை அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவரான லூயி துய்லியே அங்கேயே காலராவுக்குப் பலியானார். வயது 27. அதே நோயைத் தேடி அங்கு போன ஜெர்மனியின் ராபர்ட் கோக், பிறகு கல்கத்தாவுக்கு வந்து, காற்புள்ளிபோல் வளைந்த கிருமியை 1884இல் உறுதி செய்தார்.

கிருமி அகப்பட்டது. அது எப்படிக் கொல்கிறது? காலரா கிருமி குடலைத் துளைத்து உள்ளே போவதில்லை, இரத்தத்தில் பரவுவதுமில்லை. ஆனாலும் நோயாளியின் உடம்பிலிருந்து, அரிசி களைந்த கழுநீர்போல, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. கிருமி செத்து உடையும்போது வெளிவரும் நஞ்சு இரத்தத்தில் கலந்து கொல்வதாக நினைத்து, விலங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தே எழுபது ஆண்டு போயிற்று.

கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற நோய்க்கூற்றியல் மருத்துவர் வேறு இடத்தில் தேடினார். தண்ணீர் குடலிலிருந்துதானே போகிறது, அப்படியானால் குடலையே கேட்போம் என்பது அவர் எண்ணம். மயக்கிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சிறு துண்டின் இரு முனைகளையும் நூலால் கட்டினார். அந்தக் கட்டுக்குள் காலரா கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து, ஊதிய பலூன்போல் புடைத்திருந்தது. 1953இல் இந்த முறையை வெளியிட்டார். அதன் பிறகு செய்ததுதான் பெரிய காரியம். கிருமி வளர்ந்த கரைசலை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வெறும் நீரைச் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. கிருமி உயிரோடு இருக்கும்போதே வெளியே விடும் நஞ்சு ஒன்று இருக்கிறது என்று 1959இல் அறிவித்தார். நூல், ஊசி, முயல், வடிகட்டி. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. இந்திய மண்ணில் நடந்த மிக அழகான பரிசோதனைகளில் இதுவும் ஒன்று என்பேன்.

அந்த நஞ்சு செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் செல்லின் வாசலோடு நின்றுவிடும். வாசலில் வந்த சேதியை உள்ளே கொண்டுபோகும் ஆளை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எர்ல் சதர்லாண்ட் கல்லீரல் திசுவில் கண்டுபிடித்தார். அதன் பெயர் சைக்ளிக் ஏஎம்பி. செல் அதை ஏடிபி என்ற பொருளிலிருந்து செய்துகொள்கிறது. அந்த ஏடிபியைத் தசையில் 1929இல் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காலரா நஞ்சு குடல் செல்லில் இந்தச் சேதிக்காரனை உண்டாக்கும் விசையை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டுத் திருகைப் பிடுங்கிப் போட்டதுபோல. சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது, குளோரைடு உப்பு வெளியே பாய்கிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது.

ஆளைக் கொன்ற நஞ்சு இப்படித்தான் ஆய்வுக்கூடத்தின் சாவியானது. எந்தச் செல்லிலும் இந்தச் சேதியை வேண்டும்போது கிளப்பிப் பார்க்க அது உதவியது. சாவி போகும் பூட்டைத் தேடிய ஆய்வாளர்களில் கில்மனும் ராட்பெலும், மேலே சொன்ன விசையான ஜி புரதங்களுக்காக 1994இல் நோபல் பெற்றார்கள். 1991இல் உயிர்வேதியியலாளர் ரோஜர் சியெனின் குழு, சைக்ளிக் ஏஎம்பி வந்து ஒட்டினால் ஒளியின் நிறம் மாறும் சாயப் புரதத்தைச் செய்தது. செல்லை அரைத்து அளந்த காலம் போய், உயிரோடிருக்கும் செல்லுக்குள் சேதி போவதைக் கண்ணால் பார்க்கும் காலம் வந்தது.

இன்னொரு சாவி நம் வீட்டுக் கொல்லைக்கே பக்கத்தில் விளைகிறது. புதுச்சேரியிலிருந்து மேற்கே போனால் ஆத்தூர், சேலம் பக்கத்து வயல்களில் மருந்துக் கூர்க்கன் கிழங்கு பயிரிடுகிறார்கள். வியாபாரிகளுக்கு அது கோலியஸ். அந்த வேரிலிருந்து 1970களில் இந்திய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த போர்ஸ்கோலின், சைக்ளிக் ஏஎம்பி செய்யும் நொதியை நேரடியாகவே தட்டி எழுப்பும் என்று 1981இல் தெரிந்தது. இன்று உலகெங்கும் செல் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் வேரை உலர்த்தும் விவசாயிக்கு யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா?

முயல் குடலில் நஞ்சைக் கண்ட சம்பு நாத் தேயை நோபல் பரிசுக்கு அமெரிக்க அறிவியலாளர் ஜோஷுவா லெடர்பர்க் பரிந்துரைத்தார். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை ஸ்வீடனுக்கு அழைத்தார்கள். நம் நாட்டு அறிவியல் கழகங்களோ அவரை உறுப்பினராகக்கூடச் சேர்க்கவில்லை. 1985 ஏப்ரல் 15இல் காலமானார். அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டது நம் தவறு.

காலராவும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் அது தலைகாட்டி, புதுச்சேரி அரசு அங்கே சுகாதார அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும்.

புதுச்சேரியில் மருத்துவமும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். 1959 மே 30 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் சம்பு நாத் தே எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டே பக்கம்தான்.