வெண்ணெய் மலையும் விவசாயியின் கணக்கும்



நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேரும் முன்னரே இந்த நாட்டின் பால்மாவில் தேநீர் குடித்து வளர்ந்தவர்கள். இலங்கையில் ‘அங்கர்’ என்ற பெயரை அறியாத வீடு அரிது. அந்தப் பெயர் 1886இல் வைக்காட்டோ பகுதியில் ஒரு வெண்ணெய்த் தொழிற்சாலையில் பிறந்தது. ஒரு பொருளின் விலையை வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள் என்று வணிகப் பட்டப்படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பால், வெண்ணெய் விடயத்தில் அது பாதி உண்மைதான். மறுபாதியை அரசாங்கங்கள் எழுதுகின்றன. இந்த மாத உரை அந்த மறுபாதியின் வரலாறு.

1882 பெப்ரவரி 15ஆம் திகதி போர்ட் சாமர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டுனேடின்’ என்ற கப்பல் உறைய வைத்த இறைச்சியுடன் லண்டனுக்குப் புறப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் நியூசிலாந்து பிரித்தானியாவின் பண்ணையாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டளவில் நம் நாட்டு ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் போனது. ஒரே வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடைக்கு என்ன ஆபத்து என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் ஐரோப்பாவில் இன்னொரு கதை. போர்க்காலப் பட்டினியை மறக்காத ஆறு நாடுகள் 1962இல் பொது விவசாயக் கொள்கையைத் தொடங்கின. விவசாயிக்கு உறுதியான விலை. சந்தையில் விலை விழுந்தால் மிஞ்சியதை அதிகாரிகளே வாங்கிக் களஞ்சியத்தில் வைப்பார்கள். நோக்கம் நல்லது. ஆனால் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் வாங்க ஆள் உண்டு என்றால் யார்தான் குறைத்து உற்பத்தி செய்வார்கள்? வெண்ணெயும் பால்மாவும் குவிந்தன. பத்திரிகைகள் அதற்கு ‘வெண்ணெய் மலை’ என்று பெயர் வைத்தன. மிஞ்சியதை மானியம் கொடுத்து வெளிநாடுகளுக்குத் தள்ளியபோது, மற்ற நாட்டு விவசாயிகளின் விலையும் சேர்ந்து விழுந்தது.

அந்த மிகையை ஒருவர் மட்டும் புத்திசாலித்தனமாகக் கையாண்டார். இந்தியாவின் வர்கீஸ் குரியன். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு உலக உணவுத் திட்டத்தின் மூலம் 1,26,000 தொன் கொழுப்பு நீக்கிய பால்மாவும் 42,000 தொன் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாக ஒதுக்கப்பட்டன. அதை இலவசமாகக் கொட்டியிருந்தால் உள்ளூர்ப் பால்காரர் அழிந்திருப்பார். குரியனின் திட்டத்தில் அது பாலாக்கப்பட்டு, உள்ளூர் விலையை உடைக்காமல் விற்கப்பட்டது. அந்தப் பணம் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் பாற்பண்ணைகளுக்கும் கிராமக் கூட்டுறவுகளுக்கும் முதலீடானது. அதே வழியில் வந்ததுதான் தமிழ்நாட்டின் ஆவின். கணக்கு மொழியில் சொன்னால், நன்கொடையைச் செலவில் எழுதாமல் மூலதனத்தில் எழுதினார்கள்.

நியூசிலாந்துக்கு அடி 1973 ஜனவரி 1இல் விழுந்தது. அன்று பிரித்தானியா ஐரோப்பிய பொதுச் சந்தையில் சேர்ந்தது. 1971இல் லக்சம்பேர்க்கில் பேசி வாங்கிய சலுகையால் நம் வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் கொஞ்சக் கால அவகாசம் கிடைத்தது, அதுவும் குறைந்துகொண்டே போகும் அளவில். அரசாங்கம் 1978இல் விவசாயிகளுக்குக் குறைந்தபட்ச விலை மானியம் அறிவித்தது. ஐரோப்பாவின் தவறே இங்கும் நடந்தது. 1982இல் ஆடுகளின் எண்ணிக்கை 70 மில்லியனைத் தாண்டியது, தின்ன ஆளில்லை.

1984 ஜூலையில் ஆட்சிக்கு வந்த டேவிட் லாங்கேயின் அரசில் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ். அந்த நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலிருந்து மானியங்கள் வேகமாக வெட்டப்பட்டன. 1985 மார்ச்சில் டொலர் மிதக்க விடப்பட்டது. நிலத்தின் விலை சரிந்தது. அடமான வட்டி 20 வீதத்தைத் தொட்டது. 8,000 பண்ணைகள் போய்விடும் என்று அஞ்சினார்கள். கட்டாயமாக விற்க நேர்ந்தவை ஏறக்குறைய 800. இந்த எண்ணை வெற்றிக்குச் சான்றாக இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் பண்ணைகளை மட்டும் எண்ணினால் கணக்கு முழுமையாகாது. ஆட்டுத்தொகை குறையத் தொடங்கியதும் இறைச்சித் தொழிற்சாலைகள் மிகையாயின. 1986இல் ஹேஸ்டிங்ஸ் அருகே ஃபக்கட்டு தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் பலர் மாவோரிக் குடும்பத்தினர். அவர்கள் அந்த 800இல் இல்லை.

ஐரோப்பா மெதுவாக நடந்தது. 1984இல் பாலுக்கு உச்ச அளவு விதித்தது. ஆனாலும் 1986இல் வெண்ணெய் இருப்பு பத்து லட்சம் தொன்னைத் தாண்டியது. 1992இல் ஆணையர் மெக்ஷாரி உத்தரவாத விலைகளைக் குறைத்து, விவசாயிக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி செய்தார். 2003இல் அந்தப் பணம் உற்பத்தி அளவிலிருந்து பிரிக்கப்பட்டது. 2015 மார்ச் 31இல் பால் உச்ச அளவும் நீங்கியது.

அதன் அலை இங்கு வந்து மோதியது. 2013-14 பருவத்தில் ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு 8 டொலர் 40 சதம் கொடுத்த ஃபொன்டெரா, 2015-16இல் 3 டொலர் 90 சதம்தான் கொடுத்தது. ரஷ்யா விதித்த தடையும் சீனாவின் கொள்வனவுக் குறைவும் சேர்ந்த காரணங்கள். ஆனால் ஐரோப்பியப் பால் பெருகியதும் அவற்றில் ஒன்று.

2024 மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் நம் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு.

நேயர்களே, மானியம் நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு நாடு தன் விவசாயிக்கு எழுதும் வரவு, இன்னொரு நாட்டு விவசாயியின் ஏட்டில் செலவாக விழுகிறது. அதை வெட்டும்போது ஏற்படும் செலவும் யாரோ ஒருவரின் ஏட்டில் விழத்தான் செய்கிறது. சீர்திருத்தம் பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அந்த ஏடு யாருடையது என்பதுதான்.