படலையைத் திறந்து வந்த பதிவேடு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பண்டாரவன்னியனோடு தொடங்கி, தூர்ந்துபோன குளங்களோடு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அக்குளங்களின் கீழே குடிசை போட்டு வாழ்ந்த பெண் எத்தனை பிள்ளை பெற்றாள், அவற்றுள் எத்தனை தங்கின என்று கேட்போர் மிகச் சிலர். கேட்டாலும் அதற்கான சான்று செப்பேட்டிலோ தேசாதிபதிகளின் கடிதங்களிலோ அகப்படாது. ஊர் ஒழுங்கைகளிலே துவிச்சக்கரவண்டியில் சென்று, வீட்டுக்கு வீடு படலையைத் திறந்து, திண்ணையில் அமர்ந்து எழுதிய குடும்பநல மருத்துவமாதின் பதிவேட்டிலேதான் அது அகப்படும். மக்கள் வரலாறு எழுத வேண்டும் என்று பேசுகின்ற நாம் அப்பதிவேட்டை இன்னும் ஓர் ஆவணமாக மதிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

வீடுவீடாக மக்களை எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் தோம்பு எழுதினர். காணித் தோம்பிலே நிலம் ஏறியது, தலைத் தோம்பிலே குடும்பம் ஏறியது. யார் வரி இறுப்பது, யார் ஊழியஞ் செய்வது என்பதற்கு அப்பால் அக்குடும்பத்தின்மீது கும்பனிக்குக் கரிசனை இருந்ததில்லை. பின்னர் வந்த ஆங்கிலேயர் 1848இல் தெருச் சட்டம் இயற்றி, 18 வயது முதல் 55 வயது வரையான ஆடவர் ஆண்டில் 6 நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்றனர். அதற்கும் பெயர்ப்பட்டியல் வேண்டியிருந்தது. அப்பட்டியலில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இடமில்லை. அவர்களிடம் அறவிடுவதற்கு எதுவும் இல்லையல்லவா?

1867இல் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டமாயிற்று. 1871இல் முதலாவது குடிசன மதிப்பு நடந்தது. வன்னியில் பரவிய பறங்கி நோயைப்பற்றி வைத்தியத் திணைக்களத் தலைவர் கின்சி 1881இல் அறிக்கை எழுதினார். 1895இல் ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தந்தார். உழைப்பு மிக்க நூல், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு நிருவாகி அடுத்து வரும் நிருவாகிக்காக எழுதியது அது. காய்ச்சலும் பஞ்சமும் மக்களை அரித்ததைக் கச்சேரி அறிந்திருந்தது. அறிந்தமையால் யாருடைய வீட்டுக்கு யார் போனார்கள் என்று தேடினால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை.

கணக்கெடுப்பவர் உதவியோடு வீட்டுக்கு வருதல் என்பது இருபதாம் நூற்றாண்டின் புதுமை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், தாதி, மருத்துவமாது ஆகியோர் ஒரு நிலப்பரப்பைப் பொறுப்பேற்று அங்குள்ள வீடுகளைத் தேடிச் செல்லும் முறை அது. அதற்கு அமெரிக்க எண்ணெய் முதலாளியான ரொக்பெல்லரின் நிதியம் உதவியது என்பதனால் அதனைத் தள்ளிவிடவும் வேண்டாம், தருமம் என்று தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அம்முறை நாடெங்கும் பரவியதற்கு வேறு காரணங்கள் உள்ளன. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்து, ஏழையின் கையிலும் ஒரு வாக்கு இருந்தது. 1934-35இல் மலேரியா கொள்ளைநோயாகி ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களிலே குடிசை குடிசையாகக் கொயினா கொண்டு சென்றனர். அவர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அவ்வாண்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் மடிந்தன. 1946இல் அத்தொகை 141. இன்று அது பத்துக்கும் கீழே இறங்கியிருக்கின்றது. டீ.டீ.ரீ., இலவசக் கல்வி, மானிய அரிசி, ஆஸ்பத்திரி ஆகிய அனைத்துக்கும் இதிலே பங்குண்டு. படலையைத் திறந்த மருத்துவமாதின் பங்கு மாத்திரம் பாடநூல்களில் ஒரு வரியாகவும் இல்லை.

அவர் எழுதுவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏறக்குறைய 3,000 பேர் வாழும் பகுதி ஒரு மாதுக்கு உரியது. பிள்ளை பெறும் வயதுத் தம்பதியர் ஒரு பதிவேட்டில் ஏறுவர். ஒருத்தி கருவுற்றாள் என்று அறிந்தால் கர்ப்பிணிகள் பதிவேட்டில் அவள் பெயர் ஏறும்; அட்டையின் ஒரு பிரதி தாயின் கையில், மற்றையது மாதின் கையில். கடைசித் தீட்டுத் திகதி, முந்திய பேறுகள், தாயின் நிறை, குருதி அமுக்கம் என நிரல்கள் நீளும். குழந்தை பிறந்து முதற் பத்து நாள்களுக்குள் மாது இருமுறை வீட்டுக்கு வரவேண்டும். தொப்புள் காய்ந்ததா, பால் குடிக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று பார்க்கவேண்டும். பின்னர் குழந்தைக்கென்று ஓர் அட்டை; அதிலே மாதந்தோறும் நிறையைப் புள்ளியிட்டுக் கோடு இழுப்பர். மாத முடிவில் இவையெல்லாம் கூட்டப்பட்டுச் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்கின்றன. காலாண்டு தோறும் கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்தை அடைகின்றன. ஒரு தாய் இறந்தாலோ, அவளுடைய வீட்டுக்கே சென்று, வலி கண்டது எப்போது, வாகனம் கிடைத்தது எப்போது என்று விசாரித்து எழுதுவர்.

மேலே போகும்போது பெயர் உதிர்ந்து எண்ணாகின்றது. எல்லா அரசாங்கக் கணக்கின் விதியும் இதுவே. ஆயின் இக்கணக்கில் ஒரு வேறுபாடு உண்டு. எண் கொழும்புக்குப் போனாலும் பெயருள்ள புத்தகம் ஊரிலேயே தங்குகிறது; எழுதியவர் அடுத்த மாதம் அதே படலையைத் திறந்தாக வேண்டும். 'நிறை கூடிவிட்டது' என்று பொய்யாக எழுதியவரை அக்குழந்தையே காட்டிக்கொடுத்துவிடும்.

குறை இல்லாமலில்லை. ஒரே செய்தியை நாலு பதிவேட்டிலே பிரதி பண்ணிக் கை ஓய்கின்ற மாதர், எத்தனை வீட்டுக்குப் போனாய் என்றுமட்டும் கேட்கும் மேலதிகாரிகள், இருவர் பகுதியை ஒருவர் சுமக்கும் வெற்றிடங்கள் எல்லாம் உண்டு. ஆயினும் இக்குறைகளையெல்லாம் விடப் பெரிது நம்பிக்கை குலைவது. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கரையோரக் கிராமங்களில், பிள்ளைகளை நிறுக்க வாருங்கள் என்று அழைக்கப்பட்ட தாய்மாருக்கு வற்புறுத்திக் கருத்தடைக் குச்சி ஏற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. எந்தத் தாயின் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பதை அறிந்தவர் கையில் எத்துணை அதிகாரம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களில் ஒரு பகுதியினர், 1958, 1977 வன்செயல்களின் பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினர். காந்தியம் அமைப்பு அவர்களுக்காகப் பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் நடத்தியது. பிரசாவுரிமை இல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பு ஏற்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்நிலை பலருக்கு நீடித்தது. மாதின் பதிவேட்டிலோ பிரசாவுரிமைக்கு நிரல் கிடையாது. பிறந்தது பிள்ளை, நிறை இத்தனை. நாடு ஏற்க மறுத்தவளுடைய பிள்ளையையும் நிறுத்து எழுதிய கடதாசி அது.

போரின் இறுதிக் காலத்தில் வீட்டுக் கணக்கு உயிர்ப் பிரச்சினையாகியது. 1981இன் பின்னர் வன்னியில் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவில்லை. எனவே கிராம சேவையாளர் இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கொட்டில் கொட்டிலாக எழுதிய அட்டையே கணக்கு. அது பிரதேச செயலகம் வழியாகக் கச்சேரிக்குச் சென்று, அரிசியாகவும் மாவாகவும் திரும்பி வரவேண்டும். 2009 பெப்ரவரியில் அங்கு ஏறக்குறைய 330,000 பேர் உள்ளனர் என்று முல்லைத்தீவின் மேலதிக அரசாங்க அதிபர் அறிக்கை அனுப்பினார். அரசாங்கமோ 70,000 பேர் என்றது. பிழையான தொகை கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று அவ்வதிகாரிக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்ததை ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. தொகை குறைந்தால் கப்பலில் ஏறும் உணவும் மருந்தும் குறையும். இறுதியில் முகாம்களை அடைந்தோரே ஏறக்குறைய 290,000 பேர்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கும் இந்தக் கச்சேரி ஏடுகளிலிருந்தே எடுக்கப்பட்டது. 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர். அரசாங்கப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார். இவ்வெண்ணை இறந்தோர் தொகையாகச் சிலர் கூறுவது சரியன்று. இருமுறை பதிந்தோர் இருக்கலாம், வேறு வழியாக வெளியேறியோர் இருக்கலாம். ஆயர் கேட்டது கேள்வி. கேள்விக்குரிய விடையை வீடுவீடாகச் சென்றுதான் பெறமுடியும்.

சென்றார்கள். 2011இல் குடிசன மதிப்புத் திணைக்களம் வட மாகாணத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வீடுவீடாகச் சென்று எழுதியவர்களிற் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ் ஆசிரியர்கள். இறுதிக்கட்டத்தில் மாண்டோர் ஏறக்குறைய 9,000 பேர் என்று அதன் அடிப்படையில் அறிவிக்கப்பட்டது. நிபுணர் குழுவோ 40,000 வரை இருக்கலாம் என்றது. எழுதிய ஆசிரியர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்கும் முறைக்கே இயல்பான எல்லை ஒன்றுண்டு: கதவைத் திறந்து விடைசொல்ல ஒருவராவது எஞ்சியிருக்க வேண்டும். முழுக் குடும்பமும் இல்லாமற்போன காணியிலே யாரை விசாரிப்பது?

என் வகுப்பிலே ஒருமுறை, வீட்டிலுள்ள மிகப் பழைய கடதாசியைக் கொண்டுவாருங்கள் என்று மாணவரிடம் சொன்னேன். உறுதியும் கலியாணப் பதிவும் கொண்டுவந்தோர் மிகக் குறைவு. அவையெல்லாம் வழியில் தொலைந்தன. ஒரு மாணவி பொலித்தீன் பையிற் சுற்றிய தன் குழந்தைப்பருவ நிறை அட்டையைக் கொண்டுவந்தாள். 2007இல் தொடங்கிய கோடு, மாதந்தோறும் ஒரே நீலமையில் மெல்ல ஏறிச்சென்று, 2008 டிசம்பரில் நின்றது. அடுத்த புள்ளி 2009 யூலையில், செட்டிகுளம் முகாமில், வேறொருவர் கையெழுத்தில், முன்னையதிலும் கீழே கிடந்தது. இடையில் ஆறு கட்டங்கள் வெறுமை. "இந்த மாதங்களில் ஏன் நிறுக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டீரா?" என்றேன்.

"கேட்டனான் சேர். அந்த நேரம் தராசு எங்க கிடந்தது எண்டு அம்மா திருப்பி என்னைக் கேக்கிறா."